எல் நினோ செய்தியைப் படிப்பது எப்படி? பசிபிக் சூட்டிலிருந்து நம் ஊர் மழை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2023 ஆகஸ்டில் இந்தியாவில் பெய்த மழை, 1901 முதல் உள்ள பதிவுகளில் எந்த ஆகஸ்டிலும் இல்லாத அளவுக்குக் குறைவு. அதே ஆண்டு டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. இரண்டு சமயத்திலும் பசிபிக்கில் நடந்துகொண்டிருந்தது ஒரே எல் நினோதான், அதாவது நிலநடுக்கோட்டை ஒட்டி பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு. ஆகஸ்டில் "எல் நினோவால் வறட்சி" என்று படித்தவர், டிசம்பரில் "எல் நினோவால் பெருமழை" என்று படித்தார். குழம்பாமல் என்ன செய்வார்?

குழப்பம் தீர ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எல் நினோ மழையை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. மழை பெய்யும் இடத்தைப் பெயர்த்து வைக்கிறது. ஆகவே "எல் நினோ வருகிறதாமே, மழை இருக்குமா?" என்பது அரைகுறைக் கேள்வி. எந்த ஊரில், எந்த மாதத்தில், பசிபிக்கின் எந்தப் பகுதி சூடாகியிருக்கும்போது என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். அப்படிக் கேட்கப் பழகுவதற்கான படிகள் கீழே.

படி 1: சாதாரண ஆண்டில் பசிபிக் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக, அதாவது தென் அமெரிக்காவிலிருந்து இந்தோனேசியா நோக்கி, வியாபாரக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. டம்ளரில் உள்ள சூடான பாலை ஊதினால் ஆடை எதிர் விளிம்பில் போய் ஒதுங்குமே, அதுபோல வெயிலில் சூடான மேல்நீர் மேற்கே போய்க் குவிகிறது. இந்தோனேசியப் பக்கம் கடல்மட்டம் ஈக்வடார் கரையைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்தே நிற்கும். அங்கே நீரின் வெப்பம் 28, 29 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு நூறு மீட்டருக்கும் கீழே வரை இறங்கியிருக்கும்.

பெரு நாட்டுக் கரையில் கதை வேறு. மேல்நீர் விலகிப் போன இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அந்த நீரில் சத்து அதிகம். அதில் நுண்பாசி பெருகும். பாசியை நம்பி நெத்திலி பெருகும். நெத்திலியை நம்பிக் கடற்பறவைகள் பெருகும். பெருவின் நெத்திலிப் பிடிப்பு, ஒரே இன மீனை நம்பி நடக்கும் மீன்பிடித் தொழில்களில் உலகிலேயே பெரியது. ஆனால் குளிர்ந்த கடலுக்கு மேல் மழைமேகம் கட்டாது. அதனால்தான் கடலை ஒட்டியே பாலைவனம் கிடக்கிறது.

மேற்கே குவிந்த வெந்நீருக்கு மேல் காற்று சூடாகி எழுந்து, மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. ஈரம் இழந்த அந்தக் காற்று உயரே கிழக்கு நோக்கித் திரும்பி, பெரு பக்கம் கீழிறங்கி, மறுபடியும் கடல்மேல் மேற்கே வருகிறது. இந்தப் பெரிய வட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர். இதில் நினைவில் வைக்க வேண்டியது, மழை எப்போதும் வெந்நீருக்கு மேலேயே நிற்கும் என்பதுதான். வெந்நீர் நகர்ந்தால் மழையும் கூடவே நகரும்.

படி 2: அது எப்படிக் கலைகிறது என்று பாருங்கள்

சில ஆண்டுகளில் மேற்கு பசிபிக்கில் வியாபாரக் காற்று தளர்ந்து, சில நாட்கள் எதிர்த்திசையிலேயே வீசிவிடுகிறது. குவிந்திருந்த வெந்நீருக்குத் தடை போய்விட்டது. அது நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே புறப்படுகிறது. கெல்வின் அலை எனப்படும் இது கரையில் நின்று பார்க்கும் அலை அல்ல. கடலின் மேலே சில சென்டிமீட்டர் மேடு, அவ்வளவுதான். அடியில்தான் விஷயம்: குளிர்நீரின் எல்லையைப் பத்துக்கணக்கான மீட்டர் கீழே அமுக்கிக்கொண்டே இரண்டு, மூன்று மாதங்களில் தென் அமெரிக்கக் கரையை எட்டுகிறது. அதன் பிறகு பெரு கரையில் ஆழத்திலிருந்து ஏறி வரும் நீரும் சூடாகவே இருக்கும். நெத்திலி பட்டினி கிடக்கும், அல்லது குளிர்நீரைத் தேடித் தெற்கே போகும்.

கிழக்கு சூடாகும்போது கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைகிறது. வேறுபாடு குறைந்தால் காற்று இன்னும் தளர்கிறது. காற்று தளர்ந்தால் இன்னும் வெந்நீர் கிழக்கே வருகிறது. கடலும் காற்றும் ஒன்றையொன்று தூண்டிவிடும் இந்தச் சுற்றை 1969இல் தெளிவாக விளக்கியவர் நார்வே நாட்டு வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ்.

பொதுவாக ஆண்டின் நடுவில் தலைகாட்டி, நவம்பர் முதல் ஜனவரிக்குள் உச்சம் தொட்டு, அடுத்த கோடைக்குள் எல் நினோ அடங்கிவிடும். இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். சரியான இடைவெளி என்று ஒன்று கிடையாது. காற்று வழக்கத்தைவிட ஓங்கி வீசி, கிழக்கு பசிபிக் மேலும் குளிர்ந்தால் அது லா நினா. 2020 முதல் 2023 தொடக்கம் வரை லா நினா தொடர்ந்து மூன்று குளிர்காலங்கள் நீடித்தது.

படி 3: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

செய்தியில் "நினோ 3.4" என்று வந்தால் அது ஒரு செவ்வகம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை, தெற்கே 5 பாகை. மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 வரை. பசிபிக்கின் நடுவிலிருந்து சற்றே கிழக்கே தள்ளியிருக்கும் இந்தச் செவ்வகத்தின் கடற்பரப்பு வெப்பம், நீண்டகாலச் சராசரியைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் எல்லோரும் பார்க்கும் எண். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, மும்மாதச் சராசரி 0.5 டிகிரியைத் தொட்டு, ஒவ்வொரு மாதமாக நகர்த்தி எடுக்கும் அடுத்தடுத்த ஐந்து மும்மாதங்களுக்கு அப்படியே நீடித்தால் அதை எல் நினோ நிகழ்வாகக் கணக்கில் சேர்க்கிறது. ஆஸ்திரேலியர்கள் 0.8 டிகிரியைக் கோடாக வைத்துப் பழகியவர்கள். ஒரே வாரத்தில் ஒருவர் "வந்துவிட்டது" என்றும் மற்றவர் "இன்னும் இல்லை" என்றும் அறிவித்தால் விஞ்ஞானிகள் சண்டை போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

2023ஐ எடுத்துப் பாருங்கள். ஏப்ரல்-மே-ஜூன் சராசரி சுமார் 0.5. அங்கிருந்து மாதாமாதம் ஏறி, ஆகஸ்டை நடுவாகக் கொண்ட மும்மாதத்தில் 1.3 அளவுக்கு வந்து, ஆண்டு இறுதியில் 2 டிகிரியை ஒட்டி உச்சம் தொட்டது. 1.5க்கு மேல் போனால் வலுவானது என்பது வழக்கு. 1982-83, 1997-98, 2015-16 ஆகியவை 2 டிகிரியைத் தாண்டிய பெரும் நிகழ்வுகள். ஒரு வாரத்து எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, எத்தனை மாதமாக என்பதைப் பாருங்கள்.

கடல் சூடானால் மட்டும் போதாது, காற்றும் அதற்கு இசைந்திருக்க வேண்டும். அதற்கு டஹீட்டித் தீவுக்கும் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டைப் பார்க்கிறார்கள். எல் நினோவின்போது டார்வினில் அழுத்தம் ஏறும், டஹீட்டியில் இறங்கும்.

இந்த எண்களெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1982இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று கிளம்பியபோது, அது நடக்கிறது என்றே பலருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டு மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோன் எரிமலையின் தூசுப் படலம் செயற்கைக்கோளின் கண்ணை மறைத்து, கடலை உள்ளதைவிடக் குளிர்ச்சியாகக் காட்டியது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள்; 1994இல் வேலை முடிந்தது. மேலே காற்று, கீழே 500 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பம் என்று அவை அளந்து அனுப்பிய தகவலால்தான் 1997 எல் நினோ வளர வளர உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

படி 4: உலகத்தைச் சுற்றி வாருங்கள்

பெருவிலிருந்து தொடங்குவோம். அந்நாட்டின் வடமேற்கில் செச்சூரா என்ற பாலைவனம் இருக்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மழைகூடத் தவறிப் பெய்தால் உண்டு. 1998 தொடக்கத்தில் அங்கே வாரக்கணக்கில் பேய்மழை பெய்தது. கடலுக்கு வழியில்லாத தாழ்வான மணல்வெளியில் வெள்ளம் தேங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஏரியாகிவிட்டது. தித்திகாக்காவுக்கு அடுத்தபடியாகப் பெருவின் இரண்டாவது பெரிய ஏரி, ஆடு மேய்ந்த மணலில்! மக்கள் வலையைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்துக்கு மீன் பிடிக்கப் போனார்கள். கடலில் நெத்திலி இல்லை, பாலையில் மீன் இருக்கிறது. இடம் பெயர்தல் என்று சொன்னேனே, இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அதே மாதங்களில் பசிபிக்கின் மறுகரையில் மழை போன இடம் காய்ந்துகொண்டிருந்தது. 1997இல் சுமத்திராவிலும் போர்னியோவிலும் காடும் கரிச்சேற்று நிலமும் மாதக்கணக்கில் எரிந்தன. புகைமூட்டம் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூச்சுத் திணற வைத்தது. பாப்புவா நியூ கினியின் மலைக் கிராமங்களில் கிழங்குப் பயிர் கருகியது. தீ வைத்தது மனிதர்கள்தான். தோட்டத்துக்காக நிலத்தைத் துப்புரவு செய்ய வைத்த தீ. ஆனால் வழக்கமான ஆண்டில் மழை வந்து அணைத்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பாதி எல் நினோவுக்கு அஞ்சும். 1983 பிப்ரவரியில் மெல்பேர்ன் நகரத்தைச் செந்தூசிப் புயல் மூடியதும், அடுத்த வாரமே பெருங்காட்டுத்தீ பரவியதும் 1982-83 வறட்சியின் விளைவு.

ஆப்பிரிக்காவில் கிழக்கே ஒரு நியாயம், தெற்கே ஒரு நியாயம். கென்யா, சோமாலியா பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும். ஜிம்பாப்வே, சாம்பியா, மலாவி பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் மாதங்களில் மழை பொய்க்கும். 2024இல் இந்த மூன்று நாடுகளும் வறட்சியைத் தேசியப் பேரிடராகவே அறிவித்தன. தென் அமெரிக்காவிலும் இதே கதை: பிரேசிலின் வடகிழக்கு காயும், தெற்கு பிரேசிலும் உருகுவேயும் நனையும். 2023இல் பனாமா கால்வாய்க்கு நீர் தரும் காத்தூன் ஏரியின் மட்டம் இறங்கி, ஒரு நாளில் கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு தூரத்துக்கு எப்படி எட்டுகிறது? மேகம் கட்டும்போது வெளிவரும் வெப்பம்தான் காற்று மண்டலத்தின் எரிபொருள். அந்த அடுப்பு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தால், உயரே ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் பாதையும் வளைகிறது. வட அமெரிக்காவில் அது தெற்கே இறங்கி, கலிபோர்னியாவிலிருந்து புளோரிடா வரை புயல்மழையை இழுத்து வரும். கனடாவின் குளிர்காலம் இதமாகும். அட்லாண்டிக்கில் மேலடுக்குக் காற்றின் வேகம் கூடி, உருவாகும் சூறாவளிகளின் தலையைச் சீவிவிடும். அந்த அளவில் கரீபியன் தீவுகளுக்கு எல் நினோ ஓர் உபகாரி.

படி 5: இந்தியாவுக்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்

இந்த அறிவியலின் ஒரு வேர் நம் நாட்டுப் பஞ்சங்களில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சூறையாடிய தாது வருடப் பஞ்சக் காலத்தில்தான், 1877-78இல், பதிவுகளில் உள்ள மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று நிகழ்ந்தது. வட சீனாவிலும் வடகிழக்கு பிரேசிலிலும் அதே நேரத்தில் பட்டினிச் சாவு. மழை பொய்த்தது கடலின் செயல் என்றே வைத்துக்கொள்வோம். துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது கடலின் செயல் அல்ல.

1899இல் பருவமழை மீண்டும் பொய்த்த பின், அதை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர். உலகெங்கிலும் இருந்து அழுத்தம், வெப்பம், மழைக் கணக்குகளைத் திரட்டி, எழுத்தர்களை வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பசிபிக்கின் கிழக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்ற ஊசலாட்டம் தென்பட்டது. முன்பே சொன்ன வாக்கர் சுழற்சிக்கு அவர் பெயரைச் சூட்டியவர் பியர்க்னஸ்.

தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ பொதுவாகக் கெடுதல்தான். மழைக்காற்று எழும் இடம் பசிபிக்கின் நடுவுக்குப் போய்விடுவதால், நம் பக்கம் காற்று கீழிறங்கி மேகத்தை அமுக்குகிறது. நீண்டகாலச் சராசரியில் 2002இல் 81 சதவீதம், 2009இல் 78, 2015இல் 86 என்று மழை சுருங்கியது. எல்லாம் எல் நினோ ஆண்டுகள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோ நடந்த 1997இல் பருவமழை 102 சதவீதம். 2002இன் எல் நினோ நடுத்தரமானதுதான்.

இந்த முரணுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டும் பொருந்தும். ஒன்று, சூடு பசிபிக்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது. 1997இல் சூடு தென் அமெரிக்கக் கரையை ஒட்டி அதிகம்; 2002, 2009இல் பசிபிக்கின் நடுவில் அதிகம். நடுவில் சூடானால் காற்று கீழிறங்கும் இடம் நேராக இந்தியாவின் தலைமேல் வந்து உட்கார்கிறது என்று இந்திய, அமெரிக்க அறிஞர்கள் 2006இல் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே செய்தியில் "வலுவான எல் நினோ" என்ற சொல்லைப் பார்த்ததும் பதறுவதைவிட, வரைபடத்தில் சிவப்பு எங்கே அடர்ந்திருக்கிறது என்று பார்ப்பது பயன்.

இன்னொன்று நம் வாசலிலேயே இருக்கும் இந்தியப் பெருங்கடல். ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகவும் சுமத்திராப் பக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் அதை நேர்மறை இருமுனை நிலை என்கிறார்கள். 1999இல்தான் இது அடையாளம் காணப்பட்டது. இந்த நிலை ஓங்கினால் எல் நினோ பிடுங்கிக்கொண்ட ஈரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். 1997இல் அது மிக ஓங்கியிருந்தது. பசிபிக்கை மட்டும் பார்த்து இந்திய மழையைச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

படி 6: தமிழகமும் இலங்கையும் தனிக்கணக்கு

நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழகக் கடலோரத்துக்கும் இலங்கையின் வடக்கு, கிழக்குக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இங்கேதான் எல் நினோ கட்சி மாறுகிறது. அந்த மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறி, வங்கக்கடல் வழியாக ஈரமான கிழக்குக் காற்றை இழுக்கும். வடகிழக்குப் பருவமழையும் இலங்கையின் பெரும்போக மழையும் கூடவே வாய்ப்பு அதிகம். 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையை மூழ்கடித்த மழை, பெரும் எல் நினோ ஆண்டின் மழை. மறுபக்கம், பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்து இந்தியப் பெருங்கடலும் எதிர்மறை நிலைக்குப் போன 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை. வர்தா புயல் வந்தும் அந்த நிலை.

ஆனால் இதையும் சட்டமாக எழுதி மாட்டிவிடாதீர்கள். 2021 லா நினா ஆண்டு. அந்த நவம்பரில் சென்னைத் தெருக்களில் படகு ஓடியது. இன்னொரு பொறி சராசரி. 2023 வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்தின் மொத்த மழை இயல்பைவிடச் சில சதவீதம்தான் அதிகம். அந்தச் சாதுவான எண்ணுக்குள்தான் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கிய இரண்டு நாட்கள் ஒளிந்திருக்கின்றன. எல் நினோ பருவத்தின் சாய்வைச் சொல்லும். எந்த ஊரில் எந்த இரவில் கொட்டும் என்பதை அந்த வாரத்துக் காற்றழுத்தத் தாழ்வும் மேலடுக்குச் சுழற்சியும் தீர்மானிக்கும்.

காவிரிப் படுகை விவசாயிக்கு இந்த இரட்டைக் கணக்கு வயிற்றுப்பாட்டுக் கணக்கு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்கு மழை பொய்த்தால் மேட்டூருக்கு நீர்வரத்து குறைந்து குறுவை அடிபடும். அதே எல் நினோ வடகிழக்கு மழையைக் கூட்டினால் சம்பா பயிர் மூழ்கும். ஒரே ஆண்டில் இரண்டும் நடக்கலாம்.

படி 7: நாட்காட்டியோடு சேர்த்து வையுங்கள்

மார்ச் முதல் மே வரை வரும் எல் நினோ கணிப்புகளைப் பாதி விலைக்கு வாங்குங்கள். அந்த மாதங்களில் பசிபிக்கின் காற்றும் கடலும் எந்தப் பக்கமும் சாயத் தயாராக இருக்கும். கணினி மாதிரிகள் அதிகம் சறுக்குவது அப்போதுதான். 2014 வசந்தத்தில் ஒரு பெரிய கெல்வின் அலையைப் பார்த்துவிட்டு 1997 போல இன்னொன்று வருகிறது என்று ஆரவாரம் கிளம்பியது. காற்று ஒத்துழைக்கவில்லை, அலை அடங்கிப்போனது. உண்மையான பெரும் எல் நினோ அடுத்த ஆண்டுதான் வந்தது.

ஜூன் பாதிக்கு மேல் எண் தொடர்ந்து ஏறினால் நம்பலாம். நோவா மாதம் ஒருமுறை, பெரும்பாலும் இரண்டாவது வியாழக்கிழமை, தன் அறிக்கையைப் புதுப்பிக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் தென்மேற்குப் பருவத்துக்கான முதல் கணிப்பை ஏப்ரலிலும், திருத்தத்தை மே இறுதியிலும் தருகிறது. நெல், பருத்தி என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் ஏப்ரல் அறிக்கையைவிட மே இறுதி அறிக்கைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

எல் நினோ உச்சம் தொட்ட மறு ஆண்டின் கோடையையும் கணக்கில் வையுங்கள். கடல் சேர்த்த வெப்பம் காற்றுக்கு வர மாதங்கள் ஆகும். அதனால்தான் 1998, 2016, 2024 ஆகிய மூன்றுமே அதுவரை பதிவான ஆண்டுகளில் உலகின் மிக வெப்பமானவை. 2024இன் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அதில் எல் நினோவின் பங்கு சிறிது. பெரும்பங்கு நாம் எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும். இதே மூன்று ஆண்டுகளில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டு பெருமளவில் வெளுத்தது. மன்னார் வளைகுடாவின் பவளங்களும் 1998, 2016 கோடைகளில் வெளுத்தன. அங்கே தூத்துக்குடியிலோ பாம்பனிலோ மூழ்கு நீச்சல் செய்பவர்கள் எல் நினோவுக்கு மறு ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நீரின் வெப்பத்தைக் குறித்து வைத்தால் உதவும்.

செப்டம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவத்துக்கான கணிப்பு வரும்போது மூன்றை மட்டும் பாருங்கள்: நினோ 3.4 ஏறுமுகமா இறங்குமுகமா, வரைபடத்தில் சூடு பசிபிக்கின் நடுவிலா கிழக்கிலா, இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிலை எந்தப் பக்கம். மூன்றும் மழைப் பக்கம் சாய்ந்திருந்தால் ஏரிக்கரை மடையையும் தெருவின் வடிகாலையும் அக்டோபர் பிறப்பதற்குள் பார்த்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு பசிபிக்கை மறந்துவிட்டு, தினமும் வரும் ஐந்து நாள் முன்னறிவிப்பைப் படியுங்கள்.